முதுகை அளப்பதை விட்டு மூட்டையை அளங்கள்

சுமை தூக்கும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, அவர் எவ்வளவு தூக்குவார், எவ்வளவு தள்ளுவார், எவ்வளவு இழுப்பார் என்று முதலில் சோதனைக்கூடத்தில் அளந்துவிட வேண்டும். தேறியவரை எடுத்துத் தேறாதவரை அனுப்பிவிட்டால் வேலையிடத்தில் முதுகு போவது நின்றுவிடும். இந்த நம்பிக்கை ஆலை நிர்வாகிகளிடம் இருக்கிறது, காப்பீட்டுக்காரர்களிடம் இருக்கிறது, தொழில்நல மருத்துவர்கள் பலரிடமும் இருக்கிறது. தொழிலாளர் பக்கம் நின்று பேசுகிறவர்கள்கூட, அறிவியல்படி அளந்துதானே சொல்கிறார்கள் என்று இந்த இடத்தில் வாயடைத்துப்போகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. அளக்கும் கருவியோடு எனக்குச் சண்டை இல்லை. அளந்த எண்ணை வைத்து ஆளைக் கழிப்பதோடுதான் சண்டை.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழுப் பலத்தோடு சொல்லிவிடுகிறேன். 1970களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டான் சாஃபினும் அவருடைய குழுவினரும் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் வலுவை அளந்து, அவரவர் வேலை கேட்கும் வலுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேலை கேட்பது ஆளிடம் இருப்பதை மிஞ்சியபோது முதுகுக் காயங்கள் கூடின. 1978இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் அந்தக் கூடுதல் மூன்று மடங்கு வரை போனது. நேர்மையான ஆய்வு அது. நிர்வாகங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்: வலு குறைந்தவர் அடிபடுகிறார், ஆகவே வலு குறைந்தவரை எடுக்காதே. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. தன்னால் முடியாததைத் தூக்கிவிட்டு ஆயுசுக்கும் படுத்துக்கிடப்பதைவிட, வேறு வேலை தேடிக்கொள்வது மேல் அல்லவா? இப்படி இரக்கத்தின் பேராலும் இந்த வாதம் வைக்கப்படுகிறது.

அந்தச் சோதனை நடக்கும் விதத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். தரையில் ஒரு மேடைப் பலகை. பலகையிலிருந்து ஒரு சங்கிலி, அதன் இடையில் விசையை உணரும் லோட் செல், மேல்நுனியில் ஒரு கைப்பிடி. ஆள் பலகைமேல் ஏறி நிற்கிறார். முழங்கையை மடக்கி ஒரு தடவை, முழங்காலை மடக்கி ஒரு தடவை, இடுப்பை வளைத்து ஒரு தடவை என்று கைப்பிடியை மேல்நோக்கி இழுக்கிறார். வெட்டி இழுக்கக் கூடாது. மெல்ல ஏற்றி, நான்கைந்து வினாடி அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதில் மூன்று வினாடியின் சராசரிதான் அவருடைய வலு என்று பதிவாகிறது. சோதிப்பவர் குரல் கொடுத்து உற்சாகப்படுத்தக் கூடாது. வந்த எண்ணையும் காட்டக் கூடாது. ஓரிரு நிமிடம் ஓய்வு, பிறகு மறுபடியும் ஓர் இழுப்பு. கைப்பிடி ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. தள்ளுவதற்கும் கிடைமட்டமாக இழுப்பதற்கும் இதே முறைதான். கைப்பிடி மட்டும் சுவரிலோ கம்பத்திலோ பொருத்தப்பட்டிருக்கும்.

இனி மறுப்புகள்.

1. அசையாத கைப்பிடி எந்த வேலையைச் செய்துகாட்டுகிறது? ஒரு வேலையையும் இல்லை. லாரியிலிருந்து இறக்கும் மூட்டை நகர்கிறது, ஆளும் அதோடு நகர்கிறார். குனிகிறார், குனிந்தபடியே திரும்புகிறார், ஒரு பக்கமாகச் சாய்கிறார், பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துவதால் வேகம் கூட்டுகிறார். தசை வேகமாகச் சுருங்கச் சுருங்க அது தரக்கூடிய விசை குறைகிறது என்பதை ஏ. வி. ஹில் 1938இலேயே நிறுவிவிட்டார். ஆக, நின்ற நிலையில் எடுத்த எண் ஓடும் வேலைக்கு எப்படிப் பொருந்தும்? ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் மர்ராஸ் குழுவினர் தொழிலாளர்களின் முதுகில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டி, 48 தொழில்களைச் சேர்ந்த 400க்கும் மேற்பட்ட வேலைகளை ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். முதுகு அதிகம் பழுதாகும் வேலைகளையும் பழுதாகாத வேலைகளையும் பிரித்துக் காட்டியவை ஐந்து: எத்தனை தடவை தூக்குகிறார்கள், சுமை உடம்பிலிருந்து தள்ளி நின்று முதுகில் ஏற்றும் திருப்புவிசை எவ்வளவு, முதுகு எந்த வேகத்தில் பக்கவாட்டில் சாய்கிறது, எந்த வேகத்தில் முறுக்குகிறது, எவ்வளவு தூரம் முன்னால் வளைகிறது. ஐந்தும் வேலை நடக்கும் விதத்தைப் பற்றியவை. கைப்பிடியும் சங்கிலியும் இவற்றில் ஒன்றைக்கூடத் தொடுவதில்லை.

எதிர்ப்புறத்திலிருந்தும் பார்க்கலாம். எவரெஸ்ட்டுக்குப் போகும் வழியில் நாம்சே பஜாருக்குச் சரக்கு கொண்டுபோகும் நேபாளச் சுமைகூலிகளைப் பற்றிய ஆய்வு 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 விழுக்காடும், பெண்கள் 66 விழுக்காடும் நெற்றிப்பட்டையில் மாட்டி மலை ஏறுகிறார்கள். மெதுவாக நடக்கிறார்கள், அடிக்கடி நின்று மூச்சு வாங்குகிறார்கள். நடையும் நிதானமும் இளைப்பாறலும் சேர்ந்ததுதான் அவர்களுடைய வலு. அதை ஐந்து வினாடி இழுப்பில் கண்டுபிடிக்க எந்த லோட் செல்லாலும் முடியாது.

2. தள்ளும் வலு யாருடையது? பாதி ஆளுடையது, பாதி தரையுடையது. 65 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலணிக்கும் காய்ந்த தரைக்கும் இடையே உராய்வுக் கெழு 0.6 என்றால், கால் வழுக்காமல் அவர் கிடைமட்டமாகத் தள்ளக்கூடியது ஏறத்தாழ 380 நியூட்டன். தரையில் தண்ணீரோ எண்ணெயோ சிந்திக் கெழு 0.3க்கு இறங்கினால், அதே ஆள், அதே தோள், அதே கால். தள்ளக்கூடியது 190 நியூட்டன். எந்தத் தசையாலும் இந்த வரம்பைத் தாண்ட முடியாது. கார்ல் குரோமர் 1974இல் வெவ்வேறு தரைப்பரப்புகளில் ஆட்களை நிற்க வைத்துத் தள்ளவும் இழுக்கவும் செய்து இதைக் காட்டினார். சோதனைக்கூடத்துத் தரை காய்ந்து, சொரசொரப்பாக, சமமாக இருக்கிறது. மீன் ஏலக்கூடத்துத் தரை அப்படியா இருக்கிறது? மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் சறுக்குப்பாதையில் தள்ளுகிறார், சக்கரத்தில் நூல் சிக்கியிருந்தாலும் தள்ளுகிறார். அவருடைய தோளுக்கு மதிப்பெண் போட்டு என்ன பயன்? சக்கரத்துக்கு எண்ணெய் போட்டால் பயன் உண்டு.

3. அளந்த எண் ஆளுக்குள் நிலையாக உட்கார்ந்திருக்கிறதா? இல்லை. 1961இல் இக்காய், ஸ்டைன்ஹவுஸ் என்ற இரு ஆய்வாளர்கள், ஒருவர் முழங்கையை மடக்கி இழுக்கும்போது பின்னால் திடீரென்று துப்பாக்கி வேட்டுப் போட்டுப் பார்த்தார்கள். இழுப்பவரையே கத்தச் சொல்லிப் பார்த்தார்கள். மனோவசியமும் செய்து பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் இழுப்பின் விசை மாறியது. தசை அதேதான், அதை எவ்வளவு பயன்படுத்த மனம் இடங்கொடுக்கிறது என்பது மாறிவிட்டது. ‘முழு முயற்சி’ என்று நாம் பதிவு செய்வது, அந்தக் கணத்தில் அந்த ஆள் கொடுக்க இசைந்த முயற்சியைத்தான்.

இந்த உண்மை மிகக் கொடுமையாகத் திரும்புவது ஏற்கெனவே அடிபட்டவர் மீது. இழப்பீடு கேட்கும் தொழிலாளியைச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். மூன்று தடவை இழுக்கச் சொல்கிறார்கள். மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று அதிகம் விலகினால், முழு மனதோடு இழுக்கவில்லை, நடிக்கிறார் என்று குறிப்பு எழுதுகிறார்கள். வலி உள்ளவர் எப்படி இழுப்பார்? முதல் தடவை இழுத்ததும் சுரீரென்று பிடிக்கும். இரண்டாம் தடவை பயந்து குறைப்பார். மூன்றாம் தடவை வேலை போய்விடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார். எண்கள் விலகத்தான் செய்யும். உண்மையிலேயே ஏமாற்ற நினைப்பவர் மூன்று தடவையும் நிதானமாகப் பாதி வலுவில் இழுத்துவிட்டுப் போகலாம். நோயாளியைப் பொய்யனாக்கிப் பொய்யனை உத்தமனாக்கக்கூடிய ஓர் அளவுகோலை நம்பி ஒரு குடும்பத்தின் சோற்றை முடிவு செய்கிறார்கள்.

4. இதெல்லாம் போகட்டும், சோதனை சொன்னது பலித்ததா? வலு இருந்தால் முதுகு தப்பும் என்பதே இந்தக் கட்டடத்தின் அடித்தளம். அமெரிக்காவின் போயிங் விமானத் தொழிற்சாலையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை எடுத்து, அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வலுவைச் சோதித்து, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மிஷேல் பட்டியே குழுவினர் 1989இல் வெளியிட்ட முடிவு: அசையாத நிலையில் அளந்த தூக்கும் வலு, யாருக்கு முதுகுவலி வரும் என்பதை முன்கூட்டிச் சொல்லவில்லை. வலுவுள்ளவரும் வலுக்குறைந்தவரும் ஒரேமாதிரிதான் வலி என்று வந்து நின்றார்கள். அதே ஆய்வின் தொடர்ச்சியாக 1991இல் ஸ்டான்லி பிகோஸ் குழுவினர் வெளியிட்டதில், தங்கள் வேலையை ரசிப்பது மிக அரிது என்றவர்கள் முதுகுக் காயம் என்று பதிவு செய்தது, பெரும்பாலும் எப்போதும் ரசிக்கிறோம் என்றவர்களைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. 1992இல் செவிலியரிடம், கைப்பிடி நகரும் வகைக் கருவியை வைத்தும் பார்த்தார்கள். அதுவும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அப்படியானால் சாஃபின் கண்டது பொய்யா? பொய் இல்லை. அவர் ஒவ்வொரு வேலையும் எவ்வளவு வலுவைக் கேட்கிறது என்பதைத் தனியே அளந்து, அதோடு ஆளின் வலுவை ஒப்பிட்டார். நிர்வாகங்கள் அந்த ஒப்பீட்டில் வேலையை அளக்கும் பாதியை வசதியாக விட்டுவிட்டு, ஆளை அளக்கும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. இரண்டு எண்களுக்கு இடையே உள்ள உறவைச் சொன்ன ஆய்வை, ஒற்றை எண்ணுக்குச் சான்றாக்கிவிட்டார்கள்.

வலு முதுகைக் காக்காததற்கு உடம்பின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. 20 கிலோ பெட்டி ஒன்று முதுகெலும்பிலிருந்து அரை மீட்டர் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாங்க வேண்டிய முதுகுத் தசைகள் எலும்புக்கு ஐந்து சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கின்றன. பத்துக்கு ஒன்று என்ற நெம்புகோல். 20 கிலோவைச் சமன் செய்யத் தசை 200 கிலோ எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் முதுகெலும்பின் வட்டுகளை அழுத்துகிறது. குனிந்த உடம்பின் எடை இதற்கு மேல். வட்டை நசுக்குவது பெரும்பாலும் அவருடைய சொந்தத் தசைதான். வலு கூடியவர் இன்னும் கனமான சுமையைத் தூக்கினால், வட்டு இன்னும் அதிகமாக நசுங்கும். சோதனை தசையை அளக்கிறது. பழுதாவதோ வட்டும் அதை ஒட்டிய எலும்புத் தட்டும். அந்த வட்டு ஆயிரமாவது தடவை தாங்குமா என்பதை ஒருதடவை இழுப்பு எப்படிச் சொல்லும்? முதுகெலும்பு மாதிரிகளை வைத்து ஜெர்மனியில் பிரிங்க்மன் 1980களில் செய்த சோதனைகள், ஒரே தடவையில் உடைக்கப் போதாத அழுத்தம்கூடத் திரும்பத் திரும்ப ஏறினால் எலும்பை முறித்துவிடுவதைக் காட்டின.

5. யாரைக் கழித்தது இந்தச் சோதனை? அமெரிக்காவின் அயோவா மாநிலம், ஃபோர்ட் மேடிசன் ஊரில் டயல் நிறுவனத்தின் இறைச்சி ஆலை. சாசேஜ் கட்டும் பிரிவில் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 16 கிலோவைச் சுமந்துபோய், தரையிலிருந்து 75 முதல் 150 சென்டிமீட்டர் வரையான உயரங்களில் ஏற்ற வேண்டும். காயங்கள் அதிகம். 1996 கடைசியிலிருந்து நிர்வாகம் உருப்படியான சில காரியங்களைச் செய்தது: ஆட்களை மாற்றி மாற்றி வேலைக்கு விட்டது, குழுவாகச் சேர்ந்து வேலை செய்யும் முறையைக் கொண்டுவந்தது, இயந்திரங்களின் உயரத்தைக் குறைத்தது. 1998 முதல் காயங்கள் குறையத் தொடங்கின. அதோடு விட்டிருக்கலாம். 2000ஆம் ஆண்டில் வேலைக்கு வருகிறவர்களுக்கு வலுத் தேர்வு ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: 16 கிலோ கம்பியை இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஏழு நிமிடம் மாறி மாறித் தூக்கி வைக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் புதிதாக எடுக்கப்பட்டவர்களில் 46 விழுக்காட்டினர் பெண்கள். தேர்வு வந்தபின் அது 15 விழுக்காடு. தேர்வில் ஆண்களில் 97 விழுக்காட்டினரும் பெண்களில் 38 விழுக்காட்டினரும் தேறினார்கள்.

வழக்கு நடந்தது. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. வழக்கில் வெளிவந்தவற்றைக் கவனியுங்கள். வேலையில் சராசரியாக நிமிடத்துக்கு 1.25 தடவைதான் தூக்குகிறார்கள், இடையில் ஓய்வும் உண்டு. தேர்விலோ நிமிடத்துக்கு 6 தடவை, ஓய்வில்லாமல். தேர்வுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டில், பெண்களின் காயவீதம் ஆண்களுடையதைவிடக் குறைவு. அதாவது அந்த வேலையை ஆண்டுக்கணக்காக, பெரும்பாலும் ஆண்களைவிடப் பத்திரமாகச் செய்துவந்த பெண்களைப் போன்றவர்களை, அந்த வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று சோதனை சொன்னது. இரக்கத்தின் பேரால் வைக்கப்படும் வாதம் இந்த ஆலையின் கணக்குப் புத்தகத்திலேயே உடைந்துபோகிறது.

வலுவை அளந்து மனிதரைத் தரம் பிரிக்கும் பழக்கம் நேற்று வந்ததும் இல்லை. பாரிஸில் ரெக்னியே 1798இல் வெளியிட்ட விசைமானியை, போதான் தலைமையில் 1800இல் புறப்பட்ட கடற்பயணத்தில் பிரான்சுவா பெரோன் எடுத்துப்போனார். டாஸ்மேனியா, ஆஸ்திரேலியா, திமோர் மக்களில் சிலரைக் கைப்பிடியை அழுத்தவும் இழுக்கவும் செய்து, பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அவர்களைவிட வலுவானவர்கள், நாகரிகம்தான் வலு தருகிறது என்று 1807இல் நூலில் எழுதினார். முன்பின் பார்த்திராத அந்நியன் நீட்டும் இரும்புக் கருவியை, எதற்கு என்றே புரியாமல், ஒருவர் எவ்வளவு முயன்று இழுப்பார்? பெரோன் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. எண் கிடைத்துவிட்டது, அது அவருக்குப் போதுமாயிருந்தது.

6. ஆளைக் கழித்த பிறகு மூட்டை என்ன ஆகிறது? அது அதே எடையோடு அதே இடத்தில் கிடக்கிறது. இதுதான் இந்த வழக்கத்தால் வரும் பெருங்கேடு. லிபர்ட்டி மியூச்சுவல் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் ஸ்டோவர் ஸ்னூக் 1978இல் மூன்று வழிகளை ஒப்பிட்டார்: மருத்துவச் சோதனை, எக்ஸ்ரே முதலியவற்றால் ஆளைத் தேர்ந்தெடுப்பது, தூக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பது, வேலையை ஆளுக்கு ஏற்றபடி அமைப்பது. முதல் இரண்டும் காயங்களைக் குறைத்ததாகத் தெரியவில்லை. மூன்றாவதால் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம் என்று கணித்தார். சொன்னவர் தொழிற்சங்கக்காரர் அல்லர்; இழப்பீட்டுப் பணம் கொடுக்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்.

வேலையை அளப்பதற்கு வழியில்லையா? இருக்கிறது, எல்லோர் கைக்கும் எட்டும் வழி. அமெரிக்காவின் தேசியத் தொழிலிடப் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் 1991இல் திருத்தி அமைத்த தூக்கும் சமன்பாடு 23 கிலோவில் தொடங்குகிறது. உடம்பை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில், நல்ல பிடியோடு, திரும்பாமல், எப்போதாவது ஒரு தடவை தூக்குவதற்கு அதுதான் உச்சம். நிலைமை கெடக்கெட அது குறையும். நம் ஊர் 50 கிலோ சிமென்ட் மூட்டையை அதில் போட்டுப் பார்த்தேன். தரையில் கிடக்கும் மூட்டை, கை பிடிக்கும் உயரம் 15 சென்டிமீட்டர், உடம்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, 60 சென்டிமீட்டர் மேலே தூக்கித் தள்ளுவண்டியில் வைக்க வேண்டும், 45 பாகை திரும்ப வேண்டும், பிடிக்கக் காது கிடையாது. வரும் விடை 8 கிலோ. அதுவும் எப்போதாவது ஒரு தடவை தூக்குவதற்கு. கட்டட வேலையில் தனியாளாக இதைத் தூக்குகிறவர் பரிந்துரைத்த அளவைப்போல் ஆறு மடங்கைத் தூக்குகிறார். எந்தச் சோதனைக்கூடம் கொடுக்கும் எந்தத் தேர்ச்சிச் சான்றிதழ் இதைச் சரிக்கட்டும்? பிரிட்டனில் சிமென்ட் பை 25 கிலோதான். அங்கே இருப்பவர்கள் நம் ஆட்களைவிட வலுக்குறைந்தவர்கள் என்பதாலா பையைச் சிறிதாக்கினார்கள்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தீயணைப்பு வீரர் தூக்கப்போகும் மனிதரின் எடையை யாரும் முன்கூட்டிக் குறைத்து வைக்க முடியாது. அப்படி வேலையை மாற்றவே முடியாத இடங்களில் ஆளைச் சோதிப்பதற்கு நியாயம் உண்டு. சோதனையும் அந்த வேலையைப் போலவே இருக்க வேண்டும். ஆனால் ஒரு கிடங்கும் ஒரு ஆலையும் அப்படிப்பட்ட இடங்கள் இல்லை. மூட்டையின் எடையை ஒருவர் முடிவு செய்கிறார், அடுக்கின் உயரத்தை ஒருவர் முடிவு செய்கிறார், ஒரு ஷிப்டுக்கு எத்தனை லாரி என்பதையும் ஒருவர் முடிவு செய்கிறார். மாற்றக்கூடியவற்றை எல்லாம் மாற்ற முடியாதவை என்று வைத்துக்கொண்டு, மனிதரை மட்டும் மாற்றுகிறார்கள்.

சோதனைக்கூடங்களை இழுத்து மூடச் சொல்லவில்லை. அங்கே நடக்க வேண்டிய வேலை வேறு. அதே ஸ்னூக், எடையைத் தொழிலாளர்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளவிட்டு, நாள் முழுக்கத் தூக்கத்தக்கது எவ்வளவு என்று அவர்களையே சொல்லவைத்தார். அவரும் சிரியெல்லோவும் 1991இல் வெளியிட்ட அட்டவணைகளைப் பார்த்து, பெண்களில் 75 விழுக்காட்டினருக்கு ஏற்ற எடை எது, தள்ளுவிசை எது என்று இன்றைக்கும் எடுத்துக்கொள்ளலாம். ஆளை அளந்து மூட்டைக்கு வரம்பு போட்ட ஆய்வு அது. அந்தத் திசையில் அளந்தால் நானும் மேடையில் ஏறி நிற்பேன்.

அதுவரை, ஒரு தொழிலாளியின் வலுவைக் கேட்கும் எந்த நிர்வாகமும் முதலில் தன் வேலையின் எண்களை எழுதி மேசைமேல் வைக்கட்டும்: சுமையின் எடை, உடம்பிலிருந்து அதன் தூரம், எடுக்கும் உயரம், வைக்கும் உயரம், திரும்பும் கோணம், நிமிடத்துக்கு எத்தனை தடவை. அந்தத் தாளைக் காட்டாதவரை மேடைப் பலகையில் ஏற மாட்டேன் என்று மறுக்கும் உரிமை, வேலை கேட்டு வருகிறவருக்குச் சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.